இருபது எண்ணும் வரை

நன்றி விருந்துக்கு மறுநாள்
சீடர் ராப்பிட்ஸ் பிளம்பர்களுக்கு அறுவடை.
காலை ஏழுக்குள் பதினோரு அழைப்பு.
வேனில் ஆறிப்போன காபி,
நேற்று என் வீட்டில் மிஞ்சிய
வான்கோழி சாண்ட்விச்.

நாலாவது வீடு, ஆர்லன் நோவோட்னி.
கதவை முழுசாகத் திறக்கும் முன்பே சொன்னார்:
"நான் ஒண்ணுமே போடலை."
எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.
இருபத்திரண்டு வருடமாக
ஒன்றுமே போடாத சிங்க்குகளைத்தான்
தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

விளிம்பு வரை சாம்பல் நிறத் தண்ணீர்.
அதில் ஒரே ஒரு கிரான்பெரி
யாருக்கும் பயப்படாமல் மிதந்தது.
சுவிட்சைத் தட்டினேன்.
ம்ம்ம்ம் என்றொரு முனகல்,
பல்வலிக்காரனிடம் பேர் கேட்டது போல.
நல்லது. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது.
சக்கரம்தான் எதையோ கடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்கிறது.

கீழே போய் மின்சாரத்தையே நிறுத்தினேன்.
சுவிட்சை மட்டும் நம்பிக் கையை விடுகிறவர்
கிதார் கற்கும் ஆசையை
இன்றோடு விட்டுவிடலாம்.
இடுக்கியால்தான் எடுத்தேன்:
கூழாகிப்போன உருளைக்கிழங்குத் தோல்,
சக்கரத்தின் கழுத்தில் மஃப்ளர் போலச்
சுற்றிக்கிடந்த செலரி நார்,
ரொட்டி,
சேஜ் இலை வாசம்,
மறுபடி ரொட்டி,
மறுபடி.
"தோல் மட்டும் இல்லையே இது.
ஒரு முழு ஸ்டஃபிங் ஆச்சே."
அவர் ஜன்னல் வழியே
பனியை மும்முரமாகப் பார்த்தார்.

சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
இயந்திரத்தின் தொப்புளில் ஒரு துளை உண்டு;
அறுகோணச் சாவியை நுழைத்து
முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம்.
கடக்.
எழுந்து இடுக்கியை விட்டால்
வெள்ளி முள்கரண்டி,
நாலு பல்லும் நாலு திசையில்.

"பெவர்லியுடையது" என்றார்.
"என் அக்கா. பன்னிரண்டு கொண்டுவந்தாள்.
பதினொன்றோடு போனாள்."
பிறகு, நான் கேட்காமலே,
"அவளுடைய ஸ்டஃபிங். பாத்திரத்தோடு கவிழ்த்தேன்.
எல்லாரும் பார்க்க.
வெந்நீரையும் திறந்துவிட்டேன்."

அக்காவைப் பற்றிச் சொல்ல
எனக்கு உரிமம் இல்லை.
வெந்நீரைப் பற்றிச் சொன்னேன்.
சூட்டில் கொழுப்பு உருகி, சமர்த்தாகப் போய்விடும்,
பத்தடி தள்ளிக் குழாயில் உட்கார்ந்து
மனசு மாறி மெழுகாகிவிடும்.
பச்சைத் தண்ணீர்தான். அதுவும் முதலில்.
அப்புறம் சுவிட்ச். அப்புறம் ஒரு பிடி,
அது இறங்கின பின் இன்னொரு பிடி.
நாராக இருப்பது, வீங்குவது, எலும்பு
குப்பைக்கூடைக்கு.
வறுத்த எண்ணெய் டப்பாவுக்கு.

"உள்ளே கத்தி இருக்கும்னு நினைச்சேன்."
கத்தியே கிடையாது. மொண்ணையாக ரெண்டு இரும்பு.
சுழற்றிச் சுழற்றிச் சுவரில் எறியும்,
சுவர்தான் அரைக்கும்.
"எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான்" என்றார்.
சிரிக்கவில்லை.

அடியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
மின்சாரம். தண்ணீர். சுவிட்ச்.
முதலில் கரகரப்பு,
பிறகு தொண்டை தெளிந்த சத்தம்.
அவர் கை உடனே குழாயை மூடப் போனது.
பிடித்து நிறுத்தினேன்.
சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்று இல்லை.
அரைந்ததை வாசல் வரை
தண்ணீர் கொண்டுபோய் விட வேண்டும்.
இருபது எண்ணுங்கள்.

ஒழுங்காக, வாய்விட்டு எண்ணினார்.
ஒன்பதில் மேடையிலிருந்த போன் அதிர்ந்தது.
திரையில் பெவர்லி.
பத்து. பதினொன்று.
போனைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.
பதினைந்து.
பதினேழில் போன் ஓய்ந்தது.
எனக்குத்தான் பொறுக்கவில்லை, அவர்
பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று
மூன்றையும் முழுசாகச் சொல்லிவிட்டு
குழாயை மூடி
கையைத் துடைத்தார்.

நான் மேஜையில் ரசீது எழுதும்போது
அவரே கூப்பிட்டார்.
"பெவ், தண்ணி ஓடிட்டிருந்துச்சு."
மறுமுனையில் நீளமாக ஏதோ.
இவர் முள்கரண்டியின் ஒரு பல்லைக்
கட்டைவிரலால் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடைப்பு நீக்கம், எண்பத்தைந்து டாலர்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தேன்.
உருளைக்கிழங்குத் தோல்
என்று எழுதினேன்.