இயல்பளவு

கயாம்பே மலையடிவாரத்தில்
பாலிதீன் கூரைக்குள் பூக்கும் ரோஜாக்களுக்கு
வாசனை கிடையாது.
வாசனை வேறொன்றுக்கு இருக்கிறது;
மருந்தடித்த மறுநாளும் அது போவதில்லை.

ஒன்பதாம் கூடாரத்துப் பலகையில்
‘24 மணி நேரம் நுழையாதீர்’ என்று சுண்ணக்கட்டி எழுத்து.
பிப்ரவரி நெருங்க நெருங்க
மியாமி விமானத்துக்குப் பெட்டிகள் போதவில்லை.
யாரோ அந்த இரண்டை மட்டும் துடைத்துவிடுகிறார்கள்.

சொய்லா நுழைகிறாள்.
கையுறை உண்டு.
முள் போட்ட துளையும் உண்டு.
வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்று
நஞ்சுக்கு விதி எதுவும் இல்லை;
வியர்த்த தோல் போதும்.

என்னிடம் அவள் கண்ணாடிக் குழாயாக வருகிறாள்,
ஐந்து மில்லி, ஊதா மூடி.
நரம்பு பேசி முடித்ததும் அதன் வாயை மூடுகிற நொதி
எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது என் வேலை.
அது குறைந்தால்
கண்ணீர், எச்சில், நிற்காமல் துடிக்கும் இமை.

இயல்பளவிலிருந்து பதினொரு சதவீதம் சரிவு.
இருபதுக்குள் என்றால் பச்சை முத்திரை.
குத்தினேன்.
மை காயுமுன் எதற்கோ பழைய தாளைப் புரட்டினேன்.

அவளுடைய ‘இயல்பு’ எடுக்கப்பட்டது
வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வாரம்.

அதற்கு முன்பிருந்த சொய்லாவை
யாரும் அளக்கவில்லை.
எந்த உயரத்திலிருந்து சரிந்தாள் என்று
எனக்குத் தெரியாது, என் கருவிக்கும் தெரியாது.

தொலைபேசியில் கேட்டேன்:
“பார்வை மங்குகிறதா?”

பின்னால் கத்தரிக்கோல்களின் சத்தம்.
“சாயங்காலமானால்
எல்லோருக்கும் அப்படித்தானே?” என்றாள்.