கேள்வி ஒன்பது-அ

கழுத்தில் தழும்பு கிடையாது.
அதுதான் இந்த முறையின் பெருமை.
கீழுதட்டின் உட்புறம் மூன்று துளை,
முகவாய்க்கு அடியில் ஒரு சுரங்கம்,
அதன் வழியே இறங்கித்
தைராய்டை எடுத்துவிடுகிறார்கள்.
கம்பெனிப் புத்தகத்தின் அட்டையில்
ஒரு பெண் அண்ணாந்து பார்க்கிறாள்,
கழுத்து முழுக்க வெளிச்சம்.

என் வேலை அதற்குப் பிறகு.
ஓஉலு நகரத்து ஆஸ்பத்திரியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில்
ஒரு மேசை, ஒரு ஃபோன், இருபத்திரண்டு கேள்விகள்.
ஆறாம் வாரம் ஒருமுறை,
வருஷம் திரும்பியதும் ஒருமுறை.
வலி எத்தனை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?
முகவாய் மரத்திருக்கிறதா?
எங்கள் ஊர்க்காரர்களிடம் வலியைக் கேட்டு வாங்குவது
உறைந்த ஆற்றில் துளை போடுவது மாதிரி.
தோள் ஓய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர் வரும்.
'பரவாயில்லை' என்பார்கள்.
பரவாயில்லைக்கு எண் என்ன?
நானாக இரண்டு என்று போடக் கூடாது.
மறுபடி கேட்பேன்.

ஒன்பதாம் கேள்வி: குரல் பழையபடி இருக்கிறதா?
பதினாறு பேர் ஆம் என்றார்கள்.

பதினேழாவது, ராகேல்.
ஹைலுவோத்தோ தீவு. கணவன் பனிக்கு அடியில் வலை போடுகிறவன்.
அவளும் ஆம் என்றாள்.
பன்னிரண்டாம் கேள்விக்கு நடுவில்,
"நாய்தான் வருவதில்லை" என்றாள்.

"எந்த நாய்?"

"ஹல்லா. கடல் உறைந்ததும் தூரமாக ஓடும்,
கூப்பிட்டால் திரும்பும்.
இப்போது திரும்புவதில்லை.
காது போய்விட்டது என்று நினைத்தேன்.
அவர் கூப்பிட்டால் வருகிறது."

படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

பேசுகிற குரல் வேறு, கூப்பிடுகிற குரல் வேறு.
உரக்கக் கூப்பிட என்று ஒரு நரம்பு,
தையல் நூலைவிட மெல்லியது,
சுரப்பியின் மேல்முனையை உரசிக்கொண்டு போகிறதாம்.
லூமிகாங்காஸ் சொன்னார். அறுத்தவர் அவர்தான்.
என் பென்சில் வரியை இரண்டு முறை படித்தார்.
"அதை ஒதுக்கி வைத்தேன்" என்றார்.
"ஒதுக்கியதாக நினைத்தேன்."
அப்புறம்: "மற்றவர்களிடம் கேட்டீர்களா?"

கேள்வியே இல்லையே, டாக்டர்.

அந்த ஒரு வரியைச் சேர்க்க
நெறிக்குழுவுக்கு ஐந்து வாரம்.
அதுவரை நான்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்.
கம்பெனி ஆள் வந்து, எண்ணிக்கை சிறியது என்றார்.
சிறியதுதான்.

பதினாறு பேரையும் திரும்ப அழைத்தேன்.
தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட முடிகிறதா?
நீச்சல் பயிற்சியாளர் தைமி, தானே கேட்டு
டிக்கெட் கவுன்டருக்கு மாறியிருந்தாள்.
ஐஸ் ஹாக்கிப் பையன்களுக்கு ஊர்ஹோ விசில் வாங்கியிருந்தார்,
'வயசு' என்றார், நாற்பத்தொன்று.
இன்னும் இருவர்.
ஒருவர் நெடுநேரம் யோசித்துச் சொன்னார்:
"நான் யாரையும் கத்திக் கூப்பிட்டதே இல்லை. தெரியாது."
அவருக்குப் 'பொருந்தாது'.

கூட்டத்தில் சுவரில் போட்டார்கள்,
கற்றல் வளைவு. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி
வலப்பக்கம் நன்றாகவே இறங்குகிறது.
முப்பதாவது ஆளுக்குப் பிறகு கை பழகிவிட்டது.
எல்லோரும் சரிவைப் பார்த்தார்கள்.
இடது ஓரத்துப் புள்ளிகளின் ஃபோன் நம்பர்
எனக்கு மனப்பாடம்.

லூமிகாங்காஸ் எழுந்து ஒன்று கேட்டார்:
கழுத்தைக் கீறும் பழைய முறையில் எத்தனை பேருக்கு இப்படி?
யாருக்கும் தெரியவில்லை.
நாற்பது வருஷமாக
தழும்பு ஆறியதா என்று மட்டும் கேட்டிருக்கிறோம்.
இப்போது என் மேசையில் இன்னொரு பட்டியல்,
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஜனவரியில் ராகேலுக்கு வருஷம் திரும்பியது.
ஒன்பது-அ கேட்டதும் "இருங்கள்" என்றாள்.
கதவு திறக்கும் சத்தம். காற்று.
பிறகு அவள் குரல், ஹல்லா என்று,
மேலே ஏறப் பார்த்து, ஓரிடத்தில் தட்டி,
மறுபடி ஏறப் பார்த்தது.
பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வந்ததா?"

"பாதி தூரம்" என்றாள்.
"நின்று பார்க்கிறது."