ஆள்காட்டி

பெலோட்டாஸ் நகரத்தில்
ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில்
எக்ஸ்ரே படங்கள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே
ஓடிக்கொண்டிருக்கிறது சர்வர்.
வாடகை கிடையாது.
டாக்டரின் கணினி மக்கர் செய்தால்
இயோலாண்டா போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய இரும்புக்குப் போடவும் ஆள் கிடைக்காத கணினிகளுக்காக
அவள் செய்த இயங்குதளம்.
ஏரித் தண்ணீரை நெல்வயலுக்கு இறைக்கும் பம்புகளில் ஓடுகிறது,
ஒரு பேக்கரிக் கல்லாவில்,
எங்கோ ஒரு குன்றின்மேல் காற்றை அளக்கும் பெட்டியில்.
மொத்தம் எத்தனை என்று அவளுக்குத் தெரியாது.
எண்ணக் கூடாது என்பதுதான்
முதல் பதிப்பில் அவள் எழுதிய முதல் விதி.

ஜூலை. தெற்கிலிருந்து மினுவானோ
கதவிடுக்கில் நாக்கை நீட்டுகிறது.
சுரைக்குடுவையில் சிமாஹாவ் ஆறிவிட்டது.
சட்டத்தை மூன்றாம் முறை வாசிக்கிறாள்:
இயங்குதளமானது, முதன்முறை இயக்கப்படும்போது,
இயக்குபவரின் வயதைக் கேட்டறிதல் வேண்டும்.

பம்புக்கு என்ன வயது?
பதினொன்று. பேரிங் இரண்டு முறை மாற்றியாயிற்று.

நிலப்பத்திரம் எழுதும் வக்கீல் ஒருவன், சித்தி மகன்.
"பெரிய கம்பெனிகளை நினைத்துப் போட்டதக்கா,
உன்னை யார் தேடி வரப்போகிறார்கள்?"
அபராதத்தில் இருக்கும் பூஜ்யங்களை
அவனுக்கு வாசித்துக் காட்டினாள்.
போன மாத நன்கொடை நாற்பத்து மூன்று ரெயால்.
அதில் பத்து, ஒருவர் தவறுதலாக இரண்டாம் முறை அனுப்பியது.
திருப்பிக் கேட்டுவிட்டார்.

திட்டிவிட்டுப் போகவும் முடியவில்லை.
அக்கா மகளின் கைப்பேசிக்குப் போன வருடம் வந்த படங்களை
ஒவ்வொன்றாக அழித்தவள் அவள்தான்.
அந்தச் சிறுமி இப்போதும்
மணி அடித்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாள்.

நிரல் எழுத உதவுகிறவர்கள் பத்துப் பேர்,
பாதிப் பேர் பெயருக்கு.
வேலை செய்வது ஒன்று: 'கேரோ-கேரோ'.
அங்கே கால்பந்துத் திடலில் முட்டையிட்டுவிட்டு
ஆட வருகிறவனையெல்லாம் விரட்டும் பறவையின் பெயர் அது.
அவர்கள் காதுக்கு, வேண்டும் வேண்டும் என்கிறது.
நம்மிடம் வந்தால் ஆள்காட்டி.
கூடு இங்கிருக்க, அங்கே போய் நின்று கத்தும்.

நான்கு வருடப் பழக்கம். முகமோ குரலோ தெரியாது.
பிப்ரவரி இருபத்தொன்பதை மறந்த கடிகாரத்தால்
பம்புகள் நின்றுபோன இரவு,
வயல் காயுமுன் தீர்வு அனுப்பியது.
மதியம் ஒன்றிலிருந்து ஆறுவரை மட்டும் பதில் வராது.
ஷிஃப்ட் வேலை போல என்று நினைத்திருந்தாள்.
'பரீட்சை முடிந்தது, இனி வேகமாகச் செய்யலாம்'
என்று ஒரு டிசம்பரில் எழுதியபோது,
பாவம், எத்தனை விடைத்தாள் திருத்தினாரோ என்று.

வயது கேட்கும் திரை ஒன்று வேண்டும், யாராவது?
இரண்டே நாளில் வந்தது, கேரோ-கேரோவிடமிருந்து.
சுத்தமான நிரல்.
பிறந்த தேதியைக் கேட்கும், சேமிக்காது.
ஆமா இல்லையா என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு
மற்றதை அங்கேயே மறந்துவிடும்.
கூடவே ஒன்பது சோதனைகள்.
எட்டில் எல்லோரும் ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்,
சோம்பேறி நிரலர்கள் எப்போதும் பிறக்கும் நாள்.
ஒன்பதாவதில்
மார்ச் ஒன்பது, இரண்டாயிரத்துப் பதினொன்று.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
'சரியாகத் தடுக்கிறது. என் கணினியில் பார்த்துவிட்டேன்.'

கழித்துப் பார்க்கிறாள்.
முதல் திருத்தம் வந்த நாளிலிருந்தும் கழிக்கிறாள்.
பதினொன்று.
அந்தப் பம்பின் வயது.

தெரியாமல் இருந்தது நேற்றுவரை அவளுடைய சொத்து.
குடுவையில் வெந்நீர் ஊற்றுகிறாள், குடிக்கவில்லை.
ஒன்பதாவது வரியையும் ஜனவரி ஒன்றாக்கிவிட்டு எழுதுகிறாள்:
'அருமை. ஒரு தேதியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.'

மறுநாள் மாலை ஆறு மணி நான்கு நிமிடத்துக்குப் பதில்:
'ஏன்?
அது சரியான தேதிதானே.'