நாலு கோடு, குறுக்கே ஒன்று

பள்ளியில் என் பெயர் டோ மியா நந்தார்.
வீட்டில் பூமயில்.
இரண்டுக்கும் ஒரே கையெழுத்துதான்.

நவம்பரில் ஒன்பதாம் வகுப்பறை வாக்குச்சாவடி ஆனது.
நோய்க்காலம், பிள்ளைகள் வந்து மூன்று மாதம்.
கரும்பலகையில் ஆகஸ்டு மாதத்துப் பின்னக் கணக்கு
விடையில்லாமல் நின்றிருந்தது.
அழிக்க மனம் வரவில்லை.

நாலு மணிக்குக் கதவைச் சாத்தினோம்.
ஒவ்வொரு சீட்டையும் விரித்து
முகவர்கள் தலையசைக்கும் வரை
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
ஒரு சீட்டில் மட்டும் முத்திரை
கட்டத்தின் கோட்டிலேயே விழுந்திருந்தது,
வேலிமேல் உட்கார்ந்த காகம் மாதிரி.
கால் மணி நேரம் வாதாடி
செல்லாது என்று ஒதுக்கினோம்.
யாரென்று தெரியாத அந்த ஒருவரிடம்
இன்றும் எனக்குக் கூச்சம் உண்டு.

அறுநூற்று நாற்பத்தேழு.
படிவத்தில் எழுதி, கையெழுத்திட்டு
வெளிச்சுவரில் ஒட்டிவிட்டு வீடு வந்தேன்.
இடது சுண்டுவிரல்
நாவற்பழம் பிசைந்தது போலிருந்தது.

பிப்ரவரியில் சீருடைக்காரர்கள் சொன்னார்கள்:
எண்ணிக்கை தப்பு.
எந்த அறையில்? எந்தச் சீட்டு?
அதெல்லாம் இல்லை. மொத்தமாகத் தப்பு.
விரலைப் பார்த்தேன்.
நகம் வெட்ட வெட்ட மை போயே போயிருந்தது.

இருபத்திரண்டு வருடம் கணக்குப் பேப்பர் திருத்தியவள் நான்.
வழி காட்டாமல் விடை மட்டும் எழுதினால்
சுழியம்தான்,
எவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளையானாலும்.
பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம்
சிவப்பு மையில் பர்மிய எழுத்தில் எழுதினேன்:
"647. வழிமுறை எங்கே?"

மௌல்மேன், ஆற்றங்கரைச் சாலை.
உப்பு கலந்த சால்வீன் காற்று
அட்டையைப் பிடுங்கப் பார்த்தது.
செவிலியர், ரயில்வேக்காரர், மீன் கூடையைக்
கடையிலேயே விட்டுவிட்டு வந்த பெண்கள்,
முடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒரு பையன்.
படித்துச் சிரித்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள்.
"எங்கள் சாவடியில் நானூற்றுப் பன்னிரண்டு" என்று
கண்ணாடி போட்ட ஒருத்தி சிவப்புப் பேனாவைக் கேட்டாள்.
பிறகு ஒரு ஓவிய ஆசிரியர்.
பிறகு ஒரு தலைமையாசிரியை, ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கிறதாம்.
மதியத்துக்குள் எங்கள் வரிசை முழுக்க எண்கள்.
யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.
அவரவர் அறைக்கு அவரவர் சாட்சி.

குடையோடு வந்தார் மாசிலாமணி, என் வீட்டுக்காரர்.
எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வந்ததில்லை.
ஜப்பான்காரன் காலத்தில் எரிந்த ஒரு காகிதம்,
அதற்கு மூன்று தலைமுறையாய்ச் சாம்பல் கேட்கிறார்கள்.
"ஓட்டே இல்லாத உனக்கு இங்கே என்னய்யா?" என்றார்
தெரிந்த கடைக்காரர் ஒருவர்.
"ஆட்டத்துல சேத்துக்காட்டி என்ன,
அழுகுணி ஆட்டம் ஆடினா
பாத்துக்கிட்டு இருக்கவன் கேக்கக் கூடாதா?"
சொல்லிவிட்டுக் குடையைத் தலைமையாசிரியைக்குப் பிடித்தார்.

மூன்று மணிக்கு லாரிகள் வந்தன.
யாரும் கல்லைத் தேடவில்லை.
பச்சை முடிப் பையன்
காலிப் போத்தல்களைப் பையில் பொறுக்கிக்கொண்டிருந்தான்,
கடைசிப் போத்தல் ஒரு போலீஸ்காரனின் பூட்ஸருகே.
குனிந்து எடுத்தான்.
பூட்ஸ் ஓரடி நகர்ந்து வழிவிட்டது.

ஒலிபெருக்கி கத்தியது:
ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது.

தலைமையாசிரியைதான் முதலில் எழுந்தார்.
சேலையில்லை, லுங்கிதான், அதைத் தட்டிவிட்டு
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.
எங்களுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.
பிறகு சாலை நெடுக எல்லோரும் எழுந்து, விலகி,
ஐந்தைந்தாய் மறுபடி அமர்ந்தோம்.
நாலு பேர் நெட்டுக்கு,
அவர்கள் முன்னால் குறுக்கே ஒருவர்.

கை பழக்கத்தில் எண்ணத் தொடங்கியது.
எங்கள் கட்டில் நாலே வந்தது.
"உன்னை விட்டுட்டே" என்றார் மாசிலாமணி.
லாரி ஒன்று உறுமியது.
முதலிலிருந்து எண்ணினேன்,
இந்த முறை சத்தமாக.