பங்கேற்பாளர் 7

ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.
ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுக்
கைநாட்டு வைத்தாள்.
ரேகையோடு ஒரு செதிலும் ஒட்டிக்கொண்டது.
அதைச் சுரண்டி எடுப்பதா விடுவதா என்று
நெறிமுறைக் கையேட்டில் இல்லை.

"உங்க பேரை மாத்திடுவேங்க்கா.
யாருக்கும் தெரியாது."
"எதுக்கு மாத்தணும்? திருடினேனா நானு?"
பிறகு யோசித்து,
"சரி, பூங்காவனம்னு போடு.
அவ எனக்கு ஆறாயிரம் தரணும்.
அவளே சொன்னதா இருக்கட்டும்."

ஆக, ஆய்வேட்டில் அவள் பூங்காவனம்.
என் கோப்பில் பங்கேற்பாளர் 7.
ஏலக்கூடத்தில் அவளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதை
இங்கேயும் எழுத மாட்டேன்.

பனிப்பந்து மாதிரி என்று ஒரு முறை.
ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார்,
அவர் வேறொருவரை,
உருள உருளப் பெருகுமாம்.
கடலூர் முதுநகரில் பனிப்பந்துக்கு எங்கே போவது.
இங்கே இருப்பது ஐஸ் கட்டை,
சாக்கு போர்த்திய வண்டியில் வரும்.
துறைமுகத்தில் அதை இடித்து நொறுக்கி
மீன்மேல் வாரி இறைப்பார்கள்.
உருளாது. கரையும்.
எனக்கு ஆறாவது ஆளைக் காட்டிய மூன்றாவது ஆள்
ஐந்தாவது ஆளோடு பேசுவதில்லை.
பதினொன்றாமவர்
என்னைக் கண்டதும் படகேறி
உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் சோனாங்குப்பம் போய்விட்டார்.

"பதினாலு பேர் போதுமா?"
திருப்பாப்புலியூர் பஸ்ஸில் ஒருவர் கேட்டார்,
புள்ளியியல் படித்தவர்.
புதிதாக எதுவும் வராதபோது
நிறுத்திக்கொள்வோம் சார், அது நிறைவுநிலை என்றேன்.
மனப்பாடம் ஒப்பிப்பது போலக்
கேட்டது எனக்கே.

இரவு, மஞ்சக்குப்பம் விடுதியில்
பதிவை நிறுத்தி நிறுத்தித் தட்டெழுதினேன்.
'இந்த வருசம் கவலை அதிகம்.'
மூன்று இடத்தில் சொல்லியிருந்தாள்.
மஞ்சள் மையால் கோடிட்டு
ஓரத்தில் குறியீடு எழுதினேன்: மன உளைச்சல்.
கவலை, கந்துவட்டி,
கூடையோடு ஏற்றாத கண்டக்டர்,
எல்லாம் சேர்ந்து ஒரு கருப்பொருளாயிற்று.
அதற்கு அழகான தலைப்பும் வைத்தேன்.
நன்றாகத் தூங்கினேன்.

எழுதியதைச் சொன்னவரிடமே
படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.
படித்தேன்.
'கவலை அதிகம்' வந்ததும் கூடைக்குள் கைவிட்டு
வெள்ளியாய் ஒரு பிடி அள்ளினாள்.
"இதாண்டி கவலை.
நெறைய வந்தா சிரிக்கணும்.
நீ என்னா எழவு வீடு மாதிரி எழுதி வெச்சிருக்க?"
பக்கத்துக் கூடைக்காரிகள் எல்லாம் சிரித்தார்கள்.
காக்கைகள்கூட நகர்ந்து உட்கார்ந்தன.

நெய்வேலியில், நிலக்கரி ஊரில் வளர்ந்தவள் நான்.
மீன் எனக்குத் துண்டாகத்தான் தெரியும்,
பெயராக அல்ல.
ஆய்வாளரின் பின்புலம் என்று
இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்:
படிப்பு, சாதி, அப்பாவின் சம்பளம்.
இதை எழுதியிருக்கவில்லை.

ஆனால் மூன்றாவது இடத்தில் மட்டும்
குரல் கீழே இறங்கியிருக்கிறது.
அதற்கு முன் பதினான்கு நொடி
பேச்சில்லை,
ஐஸ் இடிக்கும் சத்தம்தான்.
அந்த இடத்தை ஓடவிட்டுக்
கேட்டேன்: இதுவும் மீனாக்கா?
"மீனுதான்" என்றாள்,
கூடையைப் பார்த்தபடி.

பிறகு ரெக்கார்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
"இப்ப நீ சொல்லு. எதுக்கு வந்த?"
முன்னுரையில் அதற்கு நாலு பக்கம் பதில் உண்டு.
ஒரு வரியும் நினைவில் இல்லை.
ஐஸ் இடிபட்டுக்கொண்டிருந்தது.
என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"பசி" என்று முடிவுகட்டித்
தூக்குவாளியைத் திறந்தாள்.

தவறான குறியீடு.
நான் திருத்தவில்லை.
சாப்பிட்டேன்.