தொண்ணூறு விநாடி

முதலில் வாங்கியது குழாய்.
எட்டு அங்குல ஆடி, மரப்பெட்டியின் மேல் சுழலும் பீரங்கி.
கயானியில் ஒரு பல் மருத்துவர் விற்றார்.
"இதில் யாருக்கும் வலிக்காது" என்றார்.
விலையைக் குறைக்கவில்லை.

என் பனிவாரி வண்டியின் பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்டு உட்காரவைத்து
குஹ்மோவுக்குக் கூட்டிவந்தேன்.

பிறகு வாங்கியதெல்லாம் குளிருக்குக் கட்டிய கப்பம்.
மைனஸ் இருபத்தெட்டில்
பேட்டரி சாகும், மசகு மெழுகாகும்,
மூச்சு பட்டால் கண்வில்லையில் வெள்ளை படரும்.
கோடிக்கணக்கான சூரியன்களைப் பார்க்க
ஏரிக்கடியில் மூழ்கியவள் போல
மூச்சடக்கி நிற்க வேண்டும்.

பேட்டரிகளை உள்சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொள்கிறேன்.
"எனக்குக்கூட இந்தச் சலுகை இல்லை"
என்கிறார் வெய்க்கோ, என் கணவர்.

சைக்கிளின் பின்விளக்கு ஒன்று,
அதன்மேல் மூன்று பூச்சு நகச்சாயம்:
வரைபடம் வாசிக்கப் போதும், கண் கூசாது.

பனியில் குழாயை இழுத்துப் போக
குழந்தைகள் சறுக்கி விளையாடும் சிவப்புத் தட்டு,
பத்தொன்பது யூரோ.
"குழந்தைக்கு என்ன வயது?" என்றான் கடைப்பையன்.
"எட்டு அங்குலம்" என்றேன்.

பதின்மூன்று மில்லிமீட்டர் கண்வில்லை மட்டும்
குழாயைவிட விலை.
ரசீதை வெய்க்கோ பார்க்கவில்லை.
இதைப் படித்தால் பார்த்த மாதிரிதான்.

இத்தனை இருந்தும் எனக்கு வடக்கு இல்லை.
வடக்கில் தைஸ்தோவின் முற்றத்து விளக்கு.
ஓநாய் அவர் நாயைக் கொண்டுபோன இரவிலிருந்து
அது அணைந்ததே இல்லை.
சங்கிலி இன்னும் கம்பத்தில்தான்.
வாரம் மூன்று முறை அந்த முற்றத்தில் பனி வாருகிறேன்,
ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றி வளைத்துத்தான் திருப்புவேன்.
விளக்கை அணையுங்கள் என்று
எந்த வாயால் கேட்பது?

நாலாம் குளிர்காலத்தில் வாங்கினேன்:
அசைவு கண்டால் மட்டும் எரியவைக்கும் ஒரு சின்னக் கருவி,
வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் ஊற்றும் தகரக் குல்லா.
இரண்டும் சேர்த்து முப்பத்துநாலு யூரோ.
வண்டியை நிறுத்தாமலே, ஜன்னல் வழியே நீட்டினேன்.
"ஏதாவது வந்தால் எரியும். வராவிட்டால் எனக்கு இருட்டு."
பெட்டியின் நாலு பக்கமும் வாசித்தார்.
பின்பக்கம் சுவீடிஷ் மொழியில் இருந்ததையும் வாசித்தார்.
"ஏணி கொண்டுவந்தாயா?" என்றார்.

அன்றிரவு வடக்கு திறந்தது.
பெருங்கரடியின் காதோரம் இரண்டு மங்கல்கள்,
ஒன்று வட்டம், ஒன்று கீற்று,
பன்னிரண்டு மில்லியன் ஆண்டு நடந்து வந்த ஒளி
என் கண்ணிமைக்கு அரை அங்குலம் முன்னால்...

டப்பென்று விளக்கு.
முயல்.

தொண்ணூறு விநாடி எரிந்து அணையும்.
கண் மறுபடி இருளுக்குப் பழக இருபத்தைந்து நிமிடம்.
நிலவில்லாத இரவாகத் தேடித்தான் வருகிறேன்,
முயல் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.
குறிப்பேட்டில் எழுதுகிறேன்:
பத்து நாற்பது, முயல். பதினொன்று பதினைந்து, முயல்.
விளக்கு எரியும்போதெல்லாம்
தைஸ்தோவின் திரைச்சீலையும் ஒதுங்குகிறது.

வாங்கியதில் சிறந்தது எது என்று கேட்டால்
அந்த முப்பத்துநாலு யூரோதான்.
குழாய் அடுத்தது.

மார்ச்சில் ஓரிரவு, ஒன்றேகால் மணி.
விளக்கு எரிந்தது.
முயலில்லை, ஓநாயுமில்லை.
தைஸ்தோ. தொப்பியில்லாமல், கையுறையில்லாமல்
கம்பத்தடியில் மண்டியிட்டு
சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
உறைந்த கொக்கி வர மறுத்தது.
வாய் வைத்து ஊதினார்.

நான் கண்களை மூடிக்கொண்டேன்,
அணையும்வரை.
இருட்டுப் பழக்கம் கெடக் கூடாதென்று
என்றுதான்
குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.