எலும்பு சூப்பும் எழுத்துக் கல்லும்

போன தடவை ஹைதராபாத்.
அதற்கு முந்தி பினாங்கு, அடைமழையில்.
இந்த முறை சபூராவின் ஊர்.
நால்வரும் ஒன்றாய்ப் படித்ததில்லை, உறவுமில்லை.
எப்போதோ ரயில் தாமதமான ஓர் இரவில்
ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கிட்டவர்கள்.
அவ்வளவுதான் எங்கள் சரித்திரம்.

எங்கு போனாலும் முதலில் அருங்காட்சியகம்.
அது நாச்சம்மை கட்டளை.
வயிறு காலியாக இருந்தால்தான்
கண் வேலை செய்யுமாம்.
எதையும் நம்பாதே என்று பெயர் வைக்கப்பட்ட
இங்கர்சால் இதையும் நம்பவில்லை.
எம்ஆர்டி படியேறி வெளியே வந்ததும்
பையில் ஒளித்த காயா ரொட்டியைத்
திரும்பி நின்று தின்று முடித்தான்.

குளிர்ந்த அறை. விளக்கடியில் அந்தக் கல்.
ஆற்று முகத்தில் ஆளுயரம் தாண்டி நின்ற பாறையாம்.
வெள்ளைக்காரன் வெடி வைத்தான்.
மிஞ்சியது இது,
பழைய தொலைக்காட்சிப் பெட்டி அளவுக்கு.
முகத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து.
இன்றுவரை யாரும் வாசித்ததில்லை.

யாருமே வாசிக்காதது என்றால்
எங்களுக்குக் கொண்டாட்டம்.
"கடன் பத்திரம்" என்றாள் நாச்சம்மை,
"வட்டி மட்டும் தெளிவாத் தெரியுது."
"ராஜாவோட தற்பெருமை" என்றான் இங்கர்சால்.
சபூரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள், குனிந்தாள்,
நாற்பது வருடம் இங்கே வாழ்ந்தவளின் நிதானத்தோடு
"எச்சில் துப்பினால் அபராதம்" என்றாள்.

சிரித்த சிரிப்பில் காவலர் எட்டிப் பார்த்தார்.
மார்பில் பெயர் ஓஸ்மான்.
சபூரா மலாயில் அவரிடமே கேட்டாள்.
தினம் எட்டு மணி நேரம் இதோடுதான் நிற்கிறேன்,
என்னிடமும் ஒன்றும் சொன்னதில்லை என்றார்.

நான் சொல்லாமல் வைத்துக்கொண்டது:
வலது மூலையில் ஒரு சுழி,
சம்பளப் பதிவேட்டில் இருபது வருடமாய்
நான் கிறுக்கும் கையெழுத்தின் வால் போலவே.

பிறகு பசி.
உணவங்காடியில் மேசை பிடிக்க
ஒரு டிஷ்யூ பொட்டலம் போதுமாம்.
எங்கள் ஊரில் பேருந்து ஜன்னல் வழியே
துண்டு போடுவோமே, அதன் தங்கை.

சூப் துலாங் வந்தது.
துலாங் என்றால் எலும்பு.
தக்காளிச் சிவப்பல்ல, திருவிழா பலூன் சிவப்பு.
உறிஞ்சுகுழல் தந்தார்கள்,
நாகரிகமாகத் தொடங்கினோம்.
மூன்றாம் நிமிடம் தட்டெல்லாம் டக் டக்.
மஜ்ஜை வர மறுத்த எலும்பை
இங்கர்சால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க,
"அதையும் வாசிக்காதே, உறிஞ்சு!"

கை கழுவப் போகிறேன் என்று போன சபூரா
காசும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.
நாச்சம்மை இரண்டு மணி நேரம் அவளோடு பேசவில்லை.
கடன் அவளுக்கு வேடிக்கையில்லை என்பது
இத்தனை ஊர் சுற்றிய பிறகு அன்றுதான் தெரிந்தது.
சிராங்கூன் சாலைக் கடையொன்றில்
தைல டப்பா இரண்டு வாங்கி
ஒன்றைச் சபூராவின் பையில் போட்டாள்.
"மூட்டு வலின்னியே."
அதோடு கணக்கு நேரானது,
எந்தக் கணக்கோ.

மறுநாள் அதிகாலை, சாங்கி.
கட்டைவிரலை வை என்றது இயந்திரம்.
வைத்தேன்.
மறுபடி வை என்றது.
நகக்கண்ணில் இன்னும் அந்தச் சிவப்பு,
ரேகைக்குள் எண்ணெய்.
மூன்றாம் முறை விளக்கும் சிவந்தது.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
கண்ணாடிக்கு அப்பால் சபூரா
என்ன என்று வாயசைத்தாள்.
விரலைக் காட்டினேன், கையை விரித்தேன்:
வாசிக்க முடியலையாம்.
அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை.
மேசைக்கடியிலிருந்து எடுத்து நீட்டினார்
ஒரு டிஷ்யூ பொட்டலம்.
ஒன்றை உருவித் துடைத்தேன். கதவு திறந்தது.
மிச்சத்தை விமானத்தில்
காலியாயிருந்த பக்கத்து இருக்கையில் வைத்தேன்.
திருச்சிவரை யாரும் உட்காரவில்லை.